சிவப்புப் பொத்தானையும் போட்டுப் பார்த்தேன்

இங்கிலாந்தில் பல்பை எரியவிட்டுக் காட்டாமலேயே விற்கிறார்கள். நான் இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னும் எனக்கு இது செரிக்கவில்லை. குளிர் பழகிவிட்டது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதும் பழகிவிட்டது. உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கை முகம் சுளிக்காமல் விழுங்கக்கூடக் கற்றுக்கொண்டேன். ஆனால் பெட்டியில் அடைத்த பல்பை அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போ என்றால் கை வரமாட்டேன் என்கிறது. போன வாரம்கூட ஒரு பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே இழை அறுந்திருந்தால் சத்தம் வருமே என்று. பக்கத்தில் நின்ற அம்மையார் மெல்ல நகர்ந்து போய்விட்டார்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் அப்பாவுக்குப் போடி கடைவீதியில் எலெக்ட்ரிகல் கடை. மேசை ஓரத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் ஹோல்டர், பிளக், சுவிட்ச் எல்லாம் பொருத்தியிருக்கும். பல்பு கேட்டால் அதில் மாட்டி எரியவிட்டு, "எரியுது, பாத்துக்கங்க" என்று சொல்லி, அணைத்து, பிறகுதான் காகிதத்தில் சுற்றுவார். மின்விசிறி என்றால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இஸ்திரிப் பெட்டி என்றால் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சுண்ட வேண்டும். காட்டாமல் கொடுத்தால் வாங்குகிறவர் சந்தேகப்படுவார். பார்க்காமல் வாங்கினால் அப்பா சந்தேகப்படுவார். "அவசரத்துல வாங்கிட்டுப் போறாக. நாளைக்கே திரும்பி வருவாக பாரு" என்பார், பெரும்பாலும் வந்துவிடுவார்கள். இப்போது கடையை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். பலகை புதிது, பழக்கம் அதேதான்.

இந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் நான் ஒரு படகுக்கு ரேடியோ வாங்கப் போனேன்.

படகு என் யோசனை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் செல்வராஜ் சின்னமனூர்க்காரர். நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். இங்கே சவுதாம்ப்டனில் பேருந்துப் பணிமனை ஒன்றில் மெக்கானிக். முல்லையாற்று வாய்க்காலைவிட அகலமான தண்ணீரில் ஊரில் அவர் இறங்கியதே இல்லை. அப்படிப்பட்டவர், உடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து இருபத்திரண்டடிப் பாய்மரப் படகு ஒன்றை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிவிட்டு, கறிவேப்பிலைச் செடி வாங்கி வந்தவர் மாதிரி வாசலில் நின்று சிரித்தார். பெயர்கூட இல்லாத படகு. பழைய சொந்தக்காரர் தன் மனைவியின் பெயரை எழுதியிருந்தாராம். மணமுறிவு ஆனதும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டாராம்.

எனக்கு நீச்சல் தெரியாது. சுருளி அருவியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தலையை நனைத்ததுதான் என் நீர் விளையாட்டு. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க, நான் கரையில நின்னு கைய ஆட்டுறேன்" என்றேன். "தனியாப் போறதுக்கா இம்புட்டுப் பாடுபட்டு வாங்குனேன்? போனா ரெண்டு பேரும்தான்" என்றார். அவருக்கு என்னைக் கடலில் ஏற்ற வேண்டும் என்று ஆசை. எனக்கு உயிரோடு இறங்க வேண்டும் என்று ஆசை. இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு உடன்படிக்கை ஆனது. படகுக்கான மின்னணுக் கருவிகள் அத்தனையையும் நானே தேர்ந்தெடுப்பேன். ஈஸ்டருக்குள் எனக்கு நம்பிக்கை வந்து ஏறிவிட்டால் படகு எங்களோடு இருக்கும். வராவிட்டால் விற்றுவிட வேண்டும். அவர் சரி என்றார். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அவர் முகத்தில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையனின் களை வந்து ஒட்டிக்கொண்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கடல் எப்படி என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்துக் கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஒரு நீர்ப்பாதை. பெயர்தான் கடல், சந்தை நாளில் போடி பஸ் ஸ்டாண்டு போல நெரிசல். சரக்குக் கப்பல், கார் ஏற்றிப் போகும் படகு, ஆயிரக்கணக்கில் பாய்மரங்கள். நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் மூடுபனி. நீச்சல் தெரியாத ஆளுக்கு ஒரே பாதுகாப்பு, எதிலும் போய் மோதாமல் இருப்பதுதான்.

படகுச் சாமான் கடையில் கிரகாம் என்பவர் இருந்தார். வெள்ளைத் தாடி, நீல ஸ்வெட்டர், அவசரமே இல்லாத பேச்சு. நாங்கள் உள்ளே நுழைந்ததும் என் வீட்டுக்காரர் நேராக ராடார் பக்கம் போய் நின்றுவிட்டார். இருட்டிலும் பனியிலும் சுற்றியிருப்பதை எல்லாம் திரையில் காட்டும் கருவி. விலையை விடுங்கள், அது எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று நான் கேட்டேன். கிரகாம் சொன்ன ஆம்பியர் கணக்கைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம படகு பேட்டரியில இந்த ராடார ஓட்டுனா, போறப்ப எல்லாம் தெரியும், வாறப்ப லைட்டுகூட எரியாது. துடுப்புப் போட்டுத்தான் வரணும், போடுறீகளா?" என்றேன். என் வீட்டுக்காரர் ராடாரை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பதிலாகப் பாய்மரத்தில் கட்டித் தொங்கவிடும் அலுமினியத் தகட்டுப் பிரதிபலிப்பான் ஒன்றை எடுத்தேன். பெரிய கப்பல்களின் ராடாரில் நம்மைக் காட்டிக்கொடுக்கும், கரண்டே வேண்டாம். பார்க்க எங்கள் வீட்டு வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே பிடித்துப்போனது.

அடுத்தது ரேடியோ. கையில் பிடித்துப் பேசும் சின்ன ரேடியோ போதும் என்றார் இவர். நிலையாகப் பொருத்தும் பெரிய ரேடியோவும், பாய்மரத்தின் உச்சியில் ஆன்டெனாவும்தான் வேண்டும் என்றேன் நான். இந்த ரேடியோ அலை நேர்கோட்டில் போகும். உயரத்தில் நின்றால்தான் தூரத்துக்குக் கேட்கும். இதை எனக்குக் கிரகாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடைக்கானலிலிருந்து டி.வி. வர ஆரம்பித்த காலத்தில் மயிலாடும்பாறையில் ஒரு வீட்டுக்கு அப்பா ஆன்டெனா கட்டப் போனார். நடுவில் மலை. குழாய்க்கு மேல் குழாய் சொருகி, தென்னையை எட்டிப் பிடிக்கிற உயரத்துக்குப் போனார். கூரை மேல் அப்பா, டி.வி. முன்னால் வீட்டுக்காரர், தெருவில் நான். உள்ளே இருந்து "வரல!" என்றால் நான் மேலே பார்த்து "வரலப்பா!" என்பேன். அப்பா ஒரு விரற்கடை திருப்புவார். "வருது வருது! போச்சு!" சாயங்காலம் வரைக்கும் இதே கூத்து. கடைசியில் செய்தி வாசிப்பவரின் பாதி முகம் தெரிந்தது. அந்த வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள். ஆன்டெனா விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வர வேண்டாம்.

மூன்றாவது கருவியில்தான் கிரகாமுக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. ஏ.ஐ.எஸ். என்று பெயர். ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். நம் படகில் இருக்கும் திரையில் அதெல்லாம் குட்டிக் குட்டி முக்கோணங்களாக வந்து விழும். எது நம்மை எவ்வளவு பக்கத்தில் கடக்கும் என்றும் சொல்லிவிடும். இதில் இரண்டு வகை. ஒன்று, கேட்க மட்டும் செய்யும். மற்றொன்று கேட்கவும் செய்யும், நம்மைப் பற்றிச் சொல்லவும் செய்யும். "உங்கள் அளவுப் படகுக்குக் கேட்பது மட்டும் போதும். சின்னப் படகுகள் சொல்வதை எல்லாப் பெரிய கப்பலும் கவனிப்பதில்லை" என்றார் கிரகாம், நேர்மையாக.

போடிமெட்டு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்புவார்கள். எதிரில் லாரி வருகிறதா, வந்தால் அந்த ஓட்டுநர் காதில் விழுமா என்றெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சத்தம் காட்டாமல் வளைவில் திரும்புகிறவனை ஜீப்பில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து வைவார்கள். தவிரவும், வாயை மூடிக்கொண்டு அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது என் பிறவியிலேயே கிடையாது. சொல்லவும் செய்கிற கருவியைத்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரர் கிரகாமைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆண்களுக்குள் எந்த நாட்டிலும் விளங்குகிற தலையாட்டல் அது.

எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிய பிறகு நான் கேட்டேன்: "போட்டுக் காட்டுங்கள்."

கிரகாமுக்குப் புரியவில்லை. "இரண்டு வருட உத்தரவாதம் இருக்கிறது, மேடம்."

"அது பழுதான பிறகு. நான் இப்போதைக்குக் கேட்கிறேன். பெட்டியைப் பிரித்து, பேட்டரியில் கொடுத்து, யாரிடமாவது பேசிக் காட்டுங்கள்."

"இது முத்திரையிட்ட பெட்டி. வேலை செய்யும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். நான் பொருளில் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்போலும். அந்தக் கம்பெனியின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். நானோ அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாசலைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர், "விடு புள்ள, இங்கன அப்படியெல்லாம் காட்ட மாட்டாக" என்று கெஞ்சினார். கடைசியில் கிரகாம் ஒரு பெட்டியை மட்டும் திறந்து ஒயர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒயர் முனைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கருவியில் பதிவதற்குப் படகின் பெயர் வேண்டும் என்று ஒரு தாளை நீட்டியிருக்கிறார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் சின்னமனூர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போடி என்று ஓர் ஊர் இருப்பதே அவருக்கு அந்த நிமிடம் மறந்துபோனதாம்.

இந்த நாட்டில் ரேடியோவில் பேசுவதற்கு ஒருநாள் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். பேசுவதற்குப் பரீட்சை! எங்கள் தெருப் பெண்கள் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். வகுப்பு அடுத்த சனிக்கிழமை என்றிருந்தது. கருவிகளைப் பொருத்தும் வேலை இந்தச் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஆன்டெனா ஒயரை நானே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இவர் கட்டுத்துறையில் நின்றுகொண்டு "வருதா?" என்று கத்த, நான் உள்ளேயிருந்து "வருது வருது!" என்று கத்த, பக்கத்துப் படகுகளில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்குள் ஏதோ கைகலப்பு என்று எழுந்து பார்த்தார்கள். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து ரேடியோவில் படகுத்துறை அலுவலகத்தைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போனார். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். திரையில் துறைமுகக் கப்பல்கள் பெயர் பெயராக வந்து விழுந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றே ஒன்று பாக்கி. சிவப்பாக, ஒரு சின்ன மூடிக்கு அடியில் இருந்தது.

"அத எதுக்குத் தொடுற?" என்றார் இவர் வெளியிலிருந்து.

"போட்டுப் பாக்கணும்ல? ஆபத்துக்கு அமுக்குறது அதுதானே. அது வேல செய்யலைன்னா மத்ததெல்லாம் இருந்து என்னத்துக்கு?"

"புத்தகத்துல என்ன போட்டுருக்கு?"

"அஞ்சு செகண்டு அமுக்கச் சொல்லிப் போட்டுருக்கு."

"எப்ப அமுக்கச் சொல்லிப் போட்டுருக்கு?"

அதற்குள் நான் நான்கு எண்ணியிருந்தேன்.

ரேடியோ வீரிட்டது. அடுத்த நொடி பக்கத்துப் படகில் ஒரு ரேடியோ வீரிட்டது. அதற்கப்பால் ஒன்று, எதிர்வரிசையில் இரண்டு. படகுத்துறை முழுவதும் கோழிப் பண்ணைக்குள் கீரி புகுந்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு ரேடியோவில் ஒரு பெண் குரல் வந்தது. கடலோரக் காவல் நிலையம். எங்கள் படகின் எண்ணைச் சொல்லி, என்ன ஆபத்து, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று நிதானமாகக் கேட்டது.

"ஆஃப் பண்ணு புள்ள! ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிருவோம்!" என்றார் என் வீட்டுக்காரர். நாங்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்த நேரம் அது. ஊரில் அவருக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவில் நடக்கவே பிடிக்காது. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆஃப் பண்ணிவிட்டால் அவர்கள் நாங்கள் மூழ்கிவிட்டதாக நினைத்து ஹெலிகாப்டரை அனுப்புவார்களே? மைக்கை எடுத்து அழுத்தினேன்.

"நான்தான். நான்தான் அழுத்தினேன். யாரும் மூழ்கவில்லை. படகைக் கயிற்றால் கட்டியிருக்கிறது. வேலை செய்கிறதா என்று பார்த்தேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுத்திய விரலை எடுக்க மறந்துவிட்டேன். விரலை எடுத்தால்தான் எதிரில் இருப்பவர் பேச முடியும் என்பதெல்லாம் அடுத்த வாரப் பாடம். "இப்ப என்னங்க பண்றது?" "உன்னய யாரு போட்டுப் பாக்கச் சொன்னது?" "உங்கள யாரு படகு வாங்கச் சொன்னது?" என்று தேனி மாவட்டத்துச் சண்டை ஒன்று அந்தக் கடல் முழுவதும் ஒலிபரப்பானது. கடைசியாக ஆங்கிலத்தில், "குடியுரிமை மனுவுக்கு மட்டும்தான் ஆபத்து" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

விரலை எடுத்ததும் அந்தக் குரல் வந்தது. "பேசி முடித்ததும் பொத்தானை விட வேண்டும், மேடம். நீங்கள் இருவரும் நலமாக இருக்கிறீர்களா?" நலம் என்றேன். ஆபத்து அறிவிப்பை ரத்து செய்கிறேன் என்று எல்லாருக்கும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். நான் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன். ரேடியோ வகுப்பு எப்போது என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை என்றேன். "தவறாமல் போங்கள். எப்படியோ, வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டீர்கள்" என்றார். பக்கத்துப் படகுகளிலிருந்து கைத்தட்டல் கேட்டது. நான் அரை மணி நேரம் வெளியே தலை காட்டவில்லை.

மறுநாள் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "ஆளு பதில் சொன்னாகளா, ஆத்தா?" என்றான். "அரை நிமிசத்துல சொன்னாகண்ணே." "பெறகென்ன? சரக்கு நல்ல சரக்கு. எடுத்துக்க."

என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எட்டு வருடத்தில் நான் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், வேலை போன வருடமும், எங்களைப் பாரமாக நினைத்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டே இருந்திருக்கிறோம். முதல்முதலாகக் கூப்பிட்டது தெரியாத்தனமாக. அதற்கே, எத்தனை பேர் இருக்கிறீர்கள், நலமா என்று முகம் தெரியாத ஒருத்தி உடனே கேட்டாள். அன்றைக்குக் குளியலறையில் கொஞ்சம் அழுதேன். நான் தேடிக்கொண்டிருந்த நம்பிக்கை ஆம்பியர் கணக்கிலிருந்து வரவில்லை, அந்தக் குரலிலிருந்து வந்தது.

வகுப்புக்குப் போனேன், பரீட்சையில் தேறினேன். ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, இரண்டு மிதவை ஜாக்கெட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படகில் ஏறினேன். என் வீட்டுக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். எங்கே சிரித்தால் நான் இறங்கிவிடுவேனோ என்று பயம். துறையைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டபோது நான் கத்தியது பயத்தில் என்று அவர் நினைத்தார். பயம்தான், ஆனால் பாதிதான். மீதிப் பாதி ராட்டினத்தில் கத்துகிற கத்தல். "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகாதா?" என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. படகை விற்கிற பேச்சு அந்த இடத்தில் முடிந்தது.

கிழக்கே ஒரு மணி நேரம் போயிருப்போம், மூடுபனி இறங்கியது. கரை மறைந்தது, தீவு மறைந்தது, எங்கள் பாயின் நுனியே மறைந்தது. நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தீவுப் பக்கமிருந்து ஒரு முக்கோணம் எங்கள் பாதையைக் குறுக்கே வெட்ட வந்துகொண்டிருந்தது. சரக்குக் கப்பல். இப்படியே போனால் மிக நெருக்கமாகக் கடக்கும் என்று எண்கள் சொல்லின. அப்போது ரேடியோவில் ஓர் ஆண் குரல், எந்த நாட்டு ஆங்கிலமோ தெரியவில்லை, எழுத்தெழுத்தாக இடறி விழுந்து, கூப்பிட்டது:

"சின்னமனூர், சின்னமனூர், சின்னமனூர்."

உடம்பு சிலிர்த்துவிட்டது. பனியின் நடுவே, முகம் தெரியாத ஒருவன், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற மாதிரி மூன்று தடவை கூவுகிறான். என் வீட்டுக்காரர் சுக்கானை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நீ பேசு புள்ள. உன்னயத்தான் கூப்புடுறாக."

"உங்க ஊரத்தானே கூப்புடுறாக?"

"பேசு புள்ள!"

மைக்கை எடுத்தேன். "சின்னமனூர் பேசுகிறது" என்றேன். வலப்பக்கம் திரும்பி உங்களுக்குப் பின்னால் கடக்கிறோம் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தபடி சொன்னேன். விரலை எடுத்தேன். "உங்களைப் பார்த்துவிட்டேன், சின்னமனூர். நன்றி" என்றது குரல். நாங்கள் திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து மேகமலை மாதிரி ஒரு கறுப்புச் சுவர் எழுந்து, எங்களுக்கு முன்னால் மெதுவாக நகர்ந்து, மறைந்தது. அதன் அலை எங்களை ஏற்றி இறக்கியது. நாங்கள் இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் நெடுநேரம் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்ததும் திரையைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் ஒரு குட்டி முக்கோணம், அதன் பக்கத்தில் பெயர். கடலையே பார்த்திராத அந்த ஊர், இடப்பக்கம் இங்கிலாந்தும் வலப்பக்கம் தீவுமாக, நடுத்தண்ணீரில் மணிக்கு நாலு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. யாராவது கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு உள்ளே ஒரு போடிக்காரி மைக்கோடு உட்கார்ந்திருந்தாள்.